கழுத்தைத் திருப்பியவர்களும் நரம்பை அளந்தவர்களும்

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி. அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட் என்ற ஊர். அங்கே டேனியல் டேவிட் பால்மர் என்பவர் 'காந்த சிகிச்சை' என்ற பெயரில், வருகிறவர்களைக் கையால் தடவிக் குணப்படுத்துவதாகச் சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவர் அறை எடுத்திருந்த கட்டடத்தைப் பெருக்கித் துடைத்து வந்தவர் ஹார்வி லில்லர்ட் என்ற கறுப்பினத் தொழிலாளி. 17 ஆண்டுகளாக அவருக்குக் காது கேட்காது. தெருவில் வண்டி கடகடத்துப் போனாலும் தெரியாது. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ 'டக்' என்று விட்டது, அன்றோடு காது போயிற்று என்று அவர் சொல்ல, பால்மர் முதுகைத் தடவிப் பார்த்து, ஒரு முள்ளெலும்பு புடைத்திருக்கிறது என்று முடிவு கட்டி, அதை ஒரு தள்ளுத் தள்ளினார். காது திறந்துகொண்டது!

இது பால்மர் சொன்ன கதை. லில்லர்டின் மகள் பின்னாளில் சொன்னது வேறு. அப்பா யாரிடமோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டுச் சிரித்தபடி வந்த பால்மர் கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் தட்டினார், சில நாள் கழித்துக் காது கொஞ்சம் தேவலை என்று அப்பா சொன்னார், அவ்வளவுதான் என்றார். எது உண்மையோ, செப்டம்பர் 18 இன்றும் கைரோபிராக்டிக் என்னும் மருத்துவ முறையின் பிறந்த நாள். கை, செயல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அந்தப் பெயரைச் செய்து கொடுத்தவர் சாமுவேல் வீட் என்ற பாதிரியார்.

உடற்கூறியல் படித்த நம் மாணவத் தம்பி தங்கைகள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். செவி நரம்பு எட்டாவது மூளை நரம்பு. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு மண்டை ஓட்டுக்குள்ளேயே காதுக்குப் போய்விடுகிறது. முதுகெலும்பின் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. முதுகைத் தள்ளினால் காது எப்படித் திறக்கும்? ஆனாலும் பால்மர் இந்த ஒரு சம்பவத்தின் மேல் ஒரு பெரிய மாளிகையே கட்டினார். எலும்பு இடம் பெயர்ந்தால் நரம்பு நசுங்கும், நசுங்கினால் அது போய்ச் சேரும் உறுப்பு நோய்ப்படும், தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாயை யாரோ மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி. காலை எடுத்துவிட்டால் தண்ணீர் பாயும். நோய்களில் நூற்றுக்குத் 95 இப்படி வருவதுதான் என்று 1910இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில் அடித்துச் சொன்னார். நரம்பில் என்ன குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. அளக்கவேண்டும் என்று தோன்றியதாகவும் தெரியவில்லை.

எலும்பைத் தள்ளுகிற வித்தை பால்மர் கண்டுபிடித்ததல்ல. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் மூட்டுகளைப் பற்றிய நூலிலேயே, நோயாளியைப் பலகையில் கிடத்தி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, கூன் விழுந்த இடத்தைக் கையாலோ காலாலோ அழுத்தும் முறை இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஊருக்கு ஊர் எலும்பு வைத்தியர்கள் இருந்தார்கள். நம் பக்கத்தில் சுளுக்கு எடுப்பவர் இல்லாத ஊர் உண்டா? கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று தேடிக் கூட்டிவந்த பாட்டிமார் நம் வீடுகளிலும் இருந்திருக்கிறார்கள். படித்த டாக்டர்கள் இவர்களை மதிக்கவில்லை. ஆனால் 1867இல் லண்டனின் பெரிய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், எலும்பு வைத்தியர்கள் குணமாக்கும் நோய்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர்களிடம் கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளுங்கள், தள்ள வேண்டியதைத் தள்ளுங்கள் என்பது அதன் சாரம். 1871இல் வார்ட்டன் ஹூட் என்ற டாக்டர் ஒரு எலும்பு வைத்தியரிடமே நேரில் கற்று, அந்த ரகசியங்களை 'லான்செட்' இதழில் எழுதிவிட்டார்.

நரம்பைப் பற்றிச் சரியாக யோசித்தவர் பேஜட், ஹூட், பால்மர் இவர்களுக்கெல்லாம் முன்பே ரோமாபுரியில் இருந்தார். பெயர் காலன். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலில் பாதி ஆகியவற்றில் உணர்ச்சி போய்விட்டது என்று பௌசானியாஸ் என்ற சொற்பொழிவாளர் வந்தார். மற்ற வைத்தியர்கள் விரலுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார்கள். காலன், "எங்கேயாவது விழுந்தீர்களா?" என்று விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்ததில் மேல் முதுகு கல்லில் மோதியது தெரிந்தது. அதே மருந்தை விரலிலிருந்து எடுத்து, கழுத்தெலும்பு முடிகிற இடத்தில் போடச் சொன்னார். கடைசிக் கழுத்து முள்ளெலும்புக்குக் கீழே வெளிவரும் நரம்புதான் அந்த விரல்களுக்குப் போகிறது என்பது இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். கழுத்தில் கோளாறு, கையில் அறிகுறி. 1,800 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்டுபிடித்த இந்தத் தொடர்புதான், பின்னால் வரப்போகிற கழுத்துவலிச் சோதனைகளுக்கெல்லாம் அடிப்படை. கழுத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கையில் உள்ள நரம்பைத் தூண்டித்தான் பார்க்கிறார்கள்.

மறுபடியும் அமெரிக்காவுக்குப் போவோம். பால்மருக்கு முன்பே, 1874இல், ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் ஆஸ்டியோபதி என்ற முறையை அறிவித்திருந்தார். 1864இல் மூளைக் காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்து, அந்தக் கால மருந்துகளின் மேலேயே நம்பிக்கை இழந்தவர். சிறுவனாக இருந்தபோது தலைவலி தாங்காமல், இரண்டு மரங்களுக்கு இடையே ஏர்க் கயிற்றைத் தாழக் கட்டி, அதன் மேல் போர்வையைப் போட்டு, பிடரியை வைத்துப் படுத்தாராம். தூங்கி எழுந்தபோது வலி இல்லை. கழுத்துக்கும் வலிக்கும் உள்ள உறவை அவர் கற்றது அந்தக் கயிற்றில்தான். 1892இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் கல்லூரி தொடங்கினார். அந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பால்மரோ 1906இல் உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காகச் சிறைக்குப் போனார், 1913இல் காலமானார். தொழிலைப் பெரிதாக்கியவர் மகன் பி. ஜே. பால்மர். எமகாதகர்! 1924இல் முதுகெலும்பின் இரு பக்கமும் உள்ள சூட்டு வித்தியாசத்தைக் காட்டும் ஒரு கருவியைக் கொண்டுவந்து, நசுங்கிய நரம்பை இது காட்டிக்கொடுக்கும் என்று விளம்பரம் செய்து, சீடர்களுக்குப் பெரிய வாடகைக்கு விட்டார். அது தோல் சூட்டை அளந்தது, நரம்பை அல்ல. 1930களில், முதுகு முழுவதையும் தள்ள வேண்டியதில்லை, கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளைச் சரிசெய்தால் போதும் என்று கொள்கையையே கழுத்துக்கு ஏற்றிவிட்டார். (இடையில் ஒரு சின்னச் செய்தி: டேவன்போர்ட்டில் இவர் நடத்திய வானொலி நிலையத்தில்தான் ரொனால்ட் ரீகன் என்ற இளைஞர் விளையாட்டு வர்ணனையாளராக முதல் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவரேதான்.)

டாக்டர்களுக்கும் கைரோபிராக்டிக்காரர்களுக்கும் நடந்த சண்டையை விரிவாக எழுதினால் மலர் முழுவதும் அதற்கே போய்விடும். 1963இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் போலி வைத்திய ஒழிப்புக்கென்றே ஒரு குழு போட்டது. 1976இல் கைரோபிராக்டிக்காரர்கள் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1987இல், சங்கம் அவர்களைச் சட்டவிரோதமாகப் புறக்கணித்தது என்று தீர்ப்பு வந்தது. 1990இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் அது வியாபாரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. கழுத்தைத் திருப்பினால் நரம்புக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு எந்தக் கோர்ட்டும் பதில் சொல்ல முடியாது. அதற்குச் சோதனைக்கூடம்தான் போகவேண்டும்.

1973இல் யேல் பல்கலைக்கழக உடற்கூறியலாளர் எட்மண்ட் கிரெலின் நேரடியாகவே இறங்கினார். இறந்து சில மணி நேரமே ஆன உடல்களிலிருந்து முதுகெலும்பை எடுத்து, இயந்திரத்தில் பொருத்தி, வளைத்தும் முறுக்கியும் பார்த்தார். எவ்வளவு முறுக்கினாலும் எலும்பு நரம்பைத் தொடவே இல்லை. நரம்பு வெளிவரும் துவாரத்தில் அதைச் சுற்றி அவ்வளவு இடம் இருக்கிறது. குழாயை மிதித்த கதை அன்றோடு முடிந்தது என்று டாக்டர்கள் கைதட்டினார்கள். பிணத்தின் முதுகும் உயிருள்ளவன் முதுகும் ஒன்றா என்று எதிர்த் தரப்பு கேட்டது.

அரசாங்கமும் தலையிட்டது. 1975 பிப்ரவரியில், தேசிய நரம்பியல் நிறுவனத்தின் ஏற்பாட்டில், பெதஸ்டா நகரில் டாக்டர்கள், ஆஸ்டியோபதிகள், கைரோபிராக்டிக்காரர்கள், உடலியங்கியலாளர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். பாம்பும் கீரியும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்த மாதிரி! சேத் ஷார்ப்லெஸ் என்ற விஞ்ஞானியின் சோதனை அங்கே பேசப்பட்டது. தண்டுவடத்திலிருந்து நரம்பு புறப்படுகிற வேரில், 10 மில்லிமீட்டர் பாதரசம் என்ற மிகச் சிறிய அழுத்தம் கொடுத்தாலே அரை மணி நேரத்துக்குள் அதில் ஓடும் சமிக்ஞை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நமது ரத்த அழுத்தம் 120 என்கிறோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக, நரம்பு வேர் மென்மையானதுதான். ஆனால் எலும்பு அதை அழுத்துகிறதா என்பது கிரெலின் கேட்ட கேள்வி. அதற்கு இது பதில் ஆகாது. மாநாடு எந்த முடிவையும் சொல்லாமல் கலைந்தது. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் இரு தரப்பும் முதன்முதலாக நேர்மையாக நடந்துகொண்ட இடம் அதுதான்.

உண்மையில் வேறு வழி ஒன்று அதற்கு முன்பே திறந்திருந்தது. கிர்க்ஸ்வில் ஊரைச் சொன்னேன் அல்லவா? 1947இல் அங்கே டென்ஸ்லோ, கோர் இருவரும் சக ஆய்வாளரோடு சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டிய தசைகளில் மின் அளவி வைத்து, ஒவ்வொரு முள்ளெலும்பின் முனையையும் அளவான விசையில் அழுத்தினார்கள். சில இடங்களில் லேசாகத் தொட்டாலே தசை துடித்தது. சில இடங்களில் பலமாக அழுத்தினாலும் சும்மா இருந்தது. கோளாறான இடத்தில் நரம்பு நசுங்கி அடங்கிக் கிடக்கவில்லை, அளவுக்கு மீறி முறுக்கேறி இருக்கிறது என்றார்கள். பால்மர் சொன்னதற்கு நேர் எதிர். கேள்வியும் மாறிவிட்டது. எலும்பு இடம் மாறியதா என்று பார்க்காதே, தண்டுவடமும் மூளையும் கொடுக்கும் பதில் மாறுகிறதா என்று பார்.

பதிலை அளக்க இரண்டு கருவிகள் தயாராக இருந்தன. ஒன்று, ஜெர்மனியின் பால் ஹாஃப்மன் 1910இல் விவரித்த அனிச்சை. அவர் பெயரால் எச் அனிச்சை என்கிறோம். கை அல்லது கால் நரம்பில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தால், சமிக்ஞை தண்டுவடம் வரை ஏறித் திரும்பி வந்து தசையைத் துடிக்க வைக்கிறது. துடிப்பு பெரிதா சிறிதா என்பதை வைத்துத் தண்டுவடத்தின் மனநிலையைச் சொல்லலாம்! மற்றொன்று, 1947இல் லண்டனில் ஜார்ஜ் டாசன் தொடங்கி வைத்தது. மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் அந்தச் செய்தி மூளைக்குப் போகும்போது தலைத்தோலில் ஒரு மிகச் சிறிய அலை எழும். ஒரு முறை பார்த்தால் மூளையின் மற்ற இரைச்சலில் அது மூழ்கிவிடும். நூற்றுக்கணக்கான முறை தூண்டி, எல்லாப் பதிவுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி, அலை தலைதூக்கும். மணிக்கட்டிலிருந்து மூளையின் உணர்ச்சிப் பகுதிக்கு வந்து சேர சுமார் 20 மில்லி செகண்ட் ஆவதால் அதற்கு என்20 என்று பெயர். முன்மூளைப் பக்கம் 30 மில்லி செகண்டில் எழுவது என்30.

கழுத்தைத் திருப்புவது என்றால் என்ன அளவு விசை என்பதையும் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். சுமார் 10 கிலோ எடை வைத்தது போன்ற அழுத்தம், ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம். அவ்வளவே. அப்போது கேட்கும் 'மடக்' சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமல்ல. விரல் சொடக்கை வைத்து 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ஆய்வும், 2015இல் கனடாவில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துச் செய்த ஆய்வும், மூட்டு நீரில் வாயுக் குமிழியோடு தொடர்புடைய சத்தம் அது என்றே காட்டின. குமிழி உடையும்போது சத்தமா, உருவாகும்போது சத்தமா என்பதில்தான் இருவருக்கும் தகராறு. நம்ம ஊர் சலூனில் முடி வெட்டி முடித்ததும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நெட்டி முறித்து விடுவார்களே, அந்தச் சத்தமும் இதே ரகம்தான்.

இப்போது கழுத்துவலிக்காரர்களிடம் வருவோம். 2002இல் கால்கரியின் சூட்டர், மெக்மார்லண்ட் இருவரும் நாள்பட்ட கழுத்துவலி உள்ள 16 பேரைச் சோதித்தார்கள். முழங்கையை மடக்கும் தசையை அவர்களால் முழுமையாக இயக்க முடியவில்லை. தசையில் குறை இல்லை, நரம்பிலிருந்து வரும் கட்டளையில்தான் தடை. கழுத்தின் கீழ் எலும்புகளைத் திருப்பிய பின் அந்தத் தடை குறைந்தது. 2003இல் டிஷ்மன், பர்க் இருவரும் நோயில்லாதவர்களிடம் எச் அனிச்சையைப் பதிவு செய்து, கழுத்தைத் திருப்பியதும் அது கொஞ்சநேரம் சுருங்கி மீண்டும் பழைய நிலைக்கு வருவதைக் காட்டினார்கள். இடுப்பில் செய்தால் சுருக்கம் இன்னும் அதிகம்.

அதிகம் பேசப்பட்டது 2007இல் நியூஸிலாந்தின் ஹைடி ஹாவிக், பெர்னடெட் மர்ஃபி இருவரும் வெளியிட்ட ஆய்வு. அடிக்கடி கழுத்துப் பிடிப்போ வலியோ வருகிற 12 பேர். மணிக்கட்டு நரம்பைத் தூண்டி மூளை அலைகளைப் பதிந்தார்கள். கழுத்தை ஒரே ஒரு முறை அமர்ந்து திருப்பிவிட்டு, மறுபடியும் அரை மணி நேரம் பதிந்தார்கள். என்20, என்30 இரண்டும் சிறுத்தன. சராசரியாக 20 நிமிடம் அப்படியே இருந்தன. திருப்பாமல் தலையை வெறுமனே அசைத்துக் காட்டியபோது இந்த மாற்றம் வரவில்லை. கையில் ஒரு குறையும் இல்லை, தூண்டியது கையை, தொட்டது கழுத்தை, மாறியது மூளை கொடுத்த பதில். காலன் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார். 2016இல் டென்மார்க்கில் செய்த தொடர் ஆய்வு, என்30 அலையின் மாற்றம் மூளையின் முன்நெற்றிப் பகுதியில் நடப்பதாக இடம் குறித்தது.

இது எப்படி நிகழ்கிறது? இதற்கு ஒரு துப்புக் கிடைத்தது சாட்சாத் டேவன்போர்ட்டில். பால்மர் கல்லூரியின் ஆராய்ச்சி மையத்தில் ஜோயல் பிக்கார், மயக்கத்தில் உள்ள பூனைகளின் இடுப்புத் தசையில் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகளிலிருந்து வரும் ஒற்றை நரம்பிழையைப் பிடித்துக் கேட்டார். மெதுவாக அழுத்தினால் அது கொஞ்சமாகப் பேசியது. நொடியில் பத்தில் ஒரு பங்கு என்ற வேகத்துக்கு அழுத்தத்தைக் குறுக்கினால் படபடவென்று பொரிந்தது. எலும்பைத் தள்ளுவதல்ல, தசையை எதிர்பாராமல் சுண்டுவதுதான் வேலை செய்கிறது போலும். அந்தச் செய்தி மழை தண்டுவடத்துக்குப் போய், அங்கே நிலவும் முறுக்கைச் சற்றுக் கலைக்கிறது. பெரிய பால்மரின் நசுங்கிய நரம்புக்கு, அவர் பெயர் தாங்கிய கல்லூரியிலேயே வேறு விளக்கம் எழுதினார்கள்!

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்த 12 பேருக்கும் சோதனை நடந்த நாளில் வலி இல்லை. அலை 20 நிமிடம் சிறுத்தது என்றால் வலி போயிற்று என்று பொருளல்ல. ஆய்வாளர்களில் பலர் அந்தத் தொழிலிலேயே பயின்றவர்கள். மாத்திரை என்றால் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து நோயாளியை ஏமாற்றி ஒப்பிடலாம்; கழுத்தை 'மடக்' என்று திருப்பியதா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்க முடியுமா? நரம்பு பதில் மாறுகிறது என்பது ஒரு கண்டுபிடிப்பு. ஆகவே சிகிச்சை பலிக்கிறது என்று அதையே விளம்பரப் பலகையில் எழுதுவது பழைய பி. ஜே. பால்மரின் சூட்டுக் கருவியை மறுபடியும் வாடகைக்கு விடுவதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கத் துவாரங்கள் வழியாகவே ஏறி, உச்சி எலும்பில் வளைந்து உள்ளே போகின்றன. பி. ஜே. பால்மர் கைவைக்கச் சொன்ன அதே இடம். தமனியின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இப்படிப்பட்ட 818 பக்கவாதங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். 45 வயதுக்கு உட்பட்டவர்களில், முந்தைய நாள்களில் கைரோபிராக்டிக்காரரிடம் போனவர்கள் கூடுதலாக இருந்தார்கள். குடும்ப டாக்டரிடம் போனவர்களிலும் அதே கதை! கிழிசல் தொடங்கியதால் வந்த கழுத்துவலிக்காகவே அவர்கள் வைத்தியரைத் தேடிப் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2014இல் அமெரிக்க இதயச் சங்கம், காரணம் நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் திருப்புவதற்கு முன் இந்தத் தொடர்பை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்றது. இதற்கு முன் இல்லாத மாதிரித் திடீரென்று வந்த கடும் கழுத்துவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் இருந்தால் கழுத்தில் யாரும் கைவைக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். பயின்ற பிசியோதெரபிஸ்ட் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். சலூன் நாற்காலியில் கேட்பவர் யார்?

அப்படியானால் வலிக்கு எது நல்லது? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்து 2012இல் வெளியான ஒரு ஆய்வில், சில வாரங்களாகக் கழுத்துவலியில் இருந்த 272 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கழுத்தைத் திருப்பும் சிகிச்சை, 12 வாரம். ஒரு பிரிவுக்கு மாத்திரை. மூன்றாவது பிரிவினருக்கு இரண்டே முறை, தலா ஒரு மணி நேரம், கழுத்தையும் தோளையும் மெதுவாக அசைக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்து, தினம் ஆறு முதல் எட்டு முறை வீட்டிலேயே செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திருப்பியவர்களுக்கு மாத்திரைக்காரர்களைவிட நல்ல நிவாரணம் கிடைத்தது. வீட்டில் தானே பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே நிவாரணம்தான். அவர்களுக்கு 'மடக்' சத்தமும் இல்லை, கட்டணமும் இரண்டு தடவைதான். அவர்களுடைய என்20 அலை என்ன ஆயிற்று என்பது அந்த ஆய்வில் அளக்கப்படவில்லை.